கட்டையும் குறியும்

துப்பாக்கியைக் கையில் எடுக்கும் மாணவர் முதலில் குழலைப் பார்ப்பர்; அடுத்து விசையைப் பார்ப்பர். இவ்விரண்டையும் சுமந்து நிற்கும் கட்டையை நோக்குபவர் மிகச் சிலரே. ஆனால் மதிப்பெண் குறையத் தொடங்கியதும் இந்நிலை தலைகீழாகிவிடுகிறது. “கட்டையை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும்” என்ற பேச்சு எழுகிறது. அயல்நாட்டு விலைப்பட்டியல்கள் கைமாறுகின்றன. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் கணக்கிடப்படுகிறது. கட்டையைக் கருதாது விடுதல் ஒரு குறை எனின், கருதாமலே அதை வாங்குதல் அதனினும் பெருங்குறை ஆகும்.

நம் பல்கலைக்கழகத் துப்பாக்கிக் குழுவில் இளையோர்க்குத் துணைநிற்பவர்களுள் நானும் ஒருவன். ஆண்டுதோறும் புதிதாய்ச் சேரும் மாணவ மாணவியர் என்னிடம் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, “எந்தக் கட்டை நல்லது?” என்பது. இக்கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி விடையளிக்க இயலாது. “யாருக்கு? எந்தத் துப்பாக்கிக்கு? எந்தப் போட்டிக்கு?” என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்டு அறிய வேண்டியவற்றை முறைப்பட எழுதி வைப்பின் நம் மன்றத்து நண்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கட்டை என்பது யாது?

குறிபார்த்துச் சுடும் ரைபிள் துப்பாக்கியை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். குண்டு ஓடும் குழல் ஒன்று. தோட்டாவை ஏற்று வெடிக்கச் செய்யும் ஆக்ஷன் என்னும் நடுப்பகுதி மற்றொன்று. இவ்விரண்டையும் தாங்கி, சுடுபவரின் தோள், கன்னம், கை ஆகியவற்றோடு இணைக்கும் உடல் மூன்றாவது. இம்மூன்றாவது பகுதியையே கட்டை என்கிறோம். பழங்காலத்தில் அது மரக்கட்டையாகவே இருந்தது. இன்று கண்ணாடி இழையாலும் கரி இழையாலும் அலுமினியத்தாலும் செய்யப்படினும் பெயர் மட்டும் மாறவில்லை.

துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்து வருவது ஒரு கட்டை. அதைக் கழற்றிவிட்டுப் பின்னர்த் தனியே வாங்கிப் பொருத்துவது வேறொரு கட்டை. இப்பின்னதை மாற்றுக்கட்டை என்று இக்கட்டுரையில் குறிப்பேன்.

கட்டைக்குக் கடமைகள் இரண்டு. குழலையும் ஆக்ஷனையும் நெருக்காமல், முறுக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வைத்திருத்தல் முதற்கடமை. சுடுபவரின் உடல் தசையை வருத்தாமல், எலும்பின் தாங்கலில் அமைதியாக நிற்கச் செய்தல் இரண்டாம் கடமை. முன்னது துப்பாக்கிக்குச் செய்யும் தொண்டு. பின்னது மனிதனுக்குச் செய்யும் தொண்டு. மாற்றுக்கட்டை வாங்க எண்ணுபவர், தம் பழைய கட்டை இவ்விரண்டில் எதில் தவறுகிறது என்பதை முதலில் கண்டறிதல் வேண்டும். அறியாமல் வாங்குதல், நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குவதை ஒக்கும்.

பிழையின் அளவு

எவ்வளவு சிறிய பிழை நம்மைக் கெடுக்கும் என்பதை ஒரு கணக்கால் காண்போம். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அம்மதிப்பெண் கிடைக்கும். ஆதலின் குண்டின் நடுப்புள்ளி, இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும்.

துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். முன்குறி தன் நேர்கோட்டிலிருந்து 0.13 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டருக்கு அப்பால் அந்த விலகல் 8 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். 0.13 மில்லிமீட்டர் என்பது நாம் எழுதும் தாளின் கனத்தைவிடச் சற்றே மிகுதி. ஒரு தாளின் கனம் அளவு கன்னம் நகர்ந்தாலும், மரம் வீங்கினாலும், பத்து ஒன்பதாகலாம் என்பதை நினைவில் நிறுத்துக. கட்டையின் இரு கடமைகளும் எத்துணை நுட்பமானவை என்பது இதனால் விளங்கும்.

முதற்கடமை: குழலுக்குச் செய்யும் தொண்டு

குண்டு புறப்படும்போது குழல் அதிர்கிறது. அதிர்வதில் குற்றமில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக அதிர வேண்டும் என்பதே தேவை. இங்கு நம் வீணையை நினைத்துப் பாருங்கள். பலாமரத்துக் குடம் தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தருகிறது. அதுவே அதன் சிறப்பு. துப்பாக்கிக் கட்டையின் சிறப்போ இதற்கு நேர்மாறானது. குழலின் அதிர்வில் அது தலையிடாமல் இருக்க வேண்டும். ஆகவேதான் குறிபார்க்கும் துப்பாக்கிகளிற் பலவற்றில், குழல் கட்டையின் முன்பகுதியை எங்கும் தொடாதவாறு நடுவில் இடைவெளி விடுகிறார்கள். ஆக்ஷன் மட்டுமே கட்டையில் அமர்ந்து திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும்.

அந்த அமர்விடம் ஆக்ஷனின் வடிவத்தோடு முற்றும் பொருந்தியிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமும் இருப்பின், திருகாணியை இறுக்கும்போது எஃகு ஆக்ஷனே சிறிது வளையும். வளைந்த ஆக்ஷன் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் வெவ்வேறு நிலைக்குத் திரும்பக்கூடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. இறுகும் பிசினை அமர்விடத்தில் இட்டு, ஆக்ஷனின் அச்சை அப்படியே எடுத்துக் கொள்வது ஒரு வழி. திருகாணி செல்லும் துளைகளில் உலோகத் தூண்களை நட்டு, மரம் நசுங்காமல் காப்பது மற்றொரு வழி. இரண்டையும் சேர்த்தே செய்வாரும் உண்டு.

மரத்தின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். மரம் ஈரத்தை ஏற்றால் வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். இழையோட்டத்தின் நீளத்தில் இம்மாற்றம் மிகக் குறைவு, குறுக்கே மிகுதி. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்கட்டை நூற்றுக்கு ஒரு பங்கு வீங்கினாலும் அரை மில்லிமீட்டர் ஆகிறது. தலைநகரின் மே மாதத்து வறட்சியையும் ஆகஸ்டு மாதத்து ஈரத்தையும் அனுபவித்த நமக்கு இது எளிதில் புரியும். விடுதி அறையின் கதவே ஆகஸ்டில் நிலையோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறதன்றோ? அதே மரந்தான் துப்பாக்கியிலும் இருக்கிறது.

இதற்கு வரலாற்றில் சான்று உண்டு. அமெரிக்கக் கடற்படை வீரர் பிரிவு 1966-இல் எம் 40 என்னும் குறிபார்ப்புத் துப்பாக்கியை மரக்கட்டையோடு ஏற்றுக்கொண்டது. வியட்நாமின் ஈரக்காற்றில் அம்மரம் வீங்கியும் முறுகியும் குழலை நெருக்கிற்று. குறி இடம் மாறிற்று. ஆகவே 1970-களில் வந்த அதன் அடுத்த வடிவமான எம் 40 ஏ 1, மக்மில்லன் என்பார் செய்த கண்ணாடி இழைக் கட்டையோடு அமைந்தது. அதன்பின் அலுமினியச் சட்டத்தில் ஆக்ஷனை அமர்த்தும் முறையும் பரவியது. அம்முறையைப் புகழ்பெறச் செய்த பிரிட்டானிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் மால்கம் கூப்பர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சியோல் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் மூன்று நிலை ரைபிளில் தங்கம் வென்றவர் அவர்.

பொறுமையோடு செய்யத்தக்க சோதனை

நம் கட்டை முதற்கடமையில் தவறுகிறதா என்பதைக் காண எளிய சோதனைகள் உள்ளன. எச்சோதனைக்கு முன்பும் துப்பாக்கி வெறுமையாக உள்ளதா எனப் பயிற்சியாளர் முன்னிலையில் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இதில் ஒருபோதும் விலக்கில்லை.

முதலாவது, ஒரு தாளை இரண்டாக மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே செருகி ஆக்ஷன் வரை இழுத்துப் பாருங்கள். இடையில் எங்கேனும் தடைப்பட்டால் அங்கே மரம் குழலைத் தொடுகிறது என்பது பொருள். இச்சோதனையை வறண்ட காலத்தில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் செய்தல் நன்று. முன்கட்டையில் குழல் படிந்திருக்குமாறே அமைக்கப்பட்ட துப்பாக்கிகளும் சில உண்டு. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

இரண்டாவது, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, குழலும் முன்கட்டையின் முனையும் சேருமிடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முன் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். குழல் கட்டையிலிருந்து எழும்புவதை விரல் உணருமாயின், அமர்விடம் ஆக்ஷனை வளைத்திருக்கிறது. பொறியியல் துறை நண்பரிடம் டயல் கேஜ் இருப்பின் அளந்தே பார்க்கலாம். 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கும் அசைவு பொறுக்கத்தக்கது. அதற்கு மேற்பட்டால் அமர்விடத்தைச் செப்பனிட வேண்டும்.

மூன்றாவது, மணல்மூட்டை மேல் முன்கட்டையைத் தாங்க வைத்து, துப்பாக்கிக் குழுவிலேயே கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு, ஒரே வகைத் தோட்டாவால் ஐந்து ஐந்தாகச் சில வரிசைகள் சுடச் செய்யுங்கள். துளைகள் நெருங்கி விழுந்தால் துப்பாக்கியின் மேல் பழியில்லை. சிதறினாலும் உடனே கட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். தோட்டாவின் வகையை மாற்றிப் பாருங்கள். திருகாணிகள் தளர்ந்துள்ளனவா எனப் பாருங்கள். உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு, அளவு காட்டும் திருகியால் இறுக்குங்கள். “கையால் முடிந்த மட்டும்” என்பது அளவாகாது. மரக்கட்டைக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் இறுக்கத்தின் அளவு வேறுபடும் என்பதும் கருதத்தக்கது.

இம்மூன்று சோதனைகளிலும் துப்பாக்கி தேறிவிட்டது, ஆயினும் உங்கள் மதிப்பெண் ஏறவில்லை எனின், குறை முதற்கடமையில் இல்லை. இனி நோக்க வேண்டியது இரண்டாம் கடமையை.

இரண்டாம் கடமை: உடலுக்குச் செய்யும் தொண்டு

காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குரிய காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை, பின்னுதைப்பு மிகச் சிறிது, குழல் சூடேறுவதில்லை. ஆகவே முதற்கடமையின் சுமை அங்கே குறைவு. ஆயினும் அத்துப்பாக்கிகளிலேதான் கன்னத்தாங்கி, தோள்தட்டு, கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகருமாறு செய்யப்பட்டுள்ளன. ஏன்? 10 மீட்டர் இலக்கின் பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது. அதைத் தொடர்ந்து தொட வேண்டுமாயின் உடல் அசையாது நிற்க வேண்டும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக்கோப்பையில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில்தான். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு அச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

உடலுக்குப் பொருந்துவதை நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்.

கன்னம்: மனிதத் தலை ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ எடையுள்ளது. அவ்வெடை கன்னத்தாங்கியின் மேல் அமைதியாக இறங்க வேண்டும். தாங்கி தாழ்ந்திருந்தால் கழுத்துத் தசை தலையைத் தூக்கிப் பிடிக்கும். சிறிது நேரத்தில் களைத்து நடுங்கும். உயர்ந்திருந்தால் கன்னத்தை அழுத்திக் கண்ணைக் குறிக்குக் கொண்டுவர நேரும். கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, தலையை இயல்பாகச் சாய்த்து, பின் கண்ணைத் திறந்து பாருங்கள். பின்குறியின் துளைக்கு நேரே கண் இருப்பின் உயரம் சரி.

தோள்: விசைக்கும் தோள்தட்டுக்கும் இடையே உள்ள நீளம் மிகுதியாயின் துப்பாக்கி முன்னே கனக்கும், விரலின் நுனி மட்டுமே விசையைத் தொடும். குறைவாயின் கண் பின்குறிக்கு மிக அருகே வந்துவிடும். கை மடங்கி இறுகும். சட்டையின் கனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். போட்டிக்குரிய தடித்த மேற்சட்டையை அணிந்தே அளவெடுக்க வேண்டும்.

கைப்பிடி: விரல் விசையை நேர் பின்னோக்கி இழுக்க வேண்டும். பிடி பெரிதாயின் சிறிய கை அதைச் சுற்றி வளைக்க முயன்று, விசையைப் பக்கவாட்டில் தள்ளும். குழு இலக்கின் ஒரே பக்கத்தில் ஒதுங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையும் சமநிலையும்: இப்போதைய பன்னாட்டு விதிப்படி 50 மீட்டர் ரைபிளின் எடை 8 கிலோவையும், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் எடை 5.5 கிலோவையும் மிஞ்சலாகாது. இவை மேல்வரம்புகளே, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகள் அல்ல. கனமான துப்பாக்கி மெதுவாக அசையும் என்பது உண்மை. ஆனால் தாங்க முடியாத கனம் தசையை நடுங்கச் செய்யும் என்பதும் அதே அளவு உண்மை.

இவை அனைத்தும் பொருந்தினவா என்பதற்கு ஒரு முடிந்த சோதனை உண்டு. இலக்கை நோக்கி நிலைகொண்டு, கண்ணை மூடி, மூன்று நான்கு முறை மூச்சு விட்டுப் பின் கண்ணைத் திறவுங்கள். குறி இலக்கிலேயே நின்றால் உடலும் கட்டையும் உடன்பட்டுள்ளன. விலகியிருந்தால் முதலில் கால், இடுப்பு, முழங்கை ஆகியவற்றின் இடத்தை மாற்றிப் பாருங்கள். அவ்வாறு மாற்றிய பின்னும் ஒவ்வொரு முறையும் விலகினால், அப்போது கட்டையை ஐயுறலாம்.

அட்டையும் துணியும்

என் பட்டறிவில் கண்ட ஒன்றை இங்குச் சொல்லுதல் பொருந்தும். பழைய துப்பாக்கிகளின் மரக்கட்டைகள் பெரும்பாலும் உயர்ந்த ஆடவர்க்கு ஏற்ற அளவில் செய்யப்பட்டவை. நம் குழுவுக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவி ஒருவர் சிற்றுருவினர். மூன்று வாரம் பயின்றும் துளைகள் இலக்கெங்கும் சிதறின. “அண்ணா, எனக்கு இது வராது. நான் விலகிக்கொள்கிறேன்” என்றார். அவர் கண்ணை மூடித் திறக்கும் சோதனையைச் செய்தபோது, கண் பின்குறித் துளைக்குக் கீழே நின்றது. விரலும் விசையை முழுதும் எட்டவில்லை.

நாங்கள் எந்தக் கட்டையையும் வாங்கவில்லை. பழைய தேர்வு அட்டைகளை அடுக்கிக் கன்னம் படுமிடத்தில் வைத்து, மேலே பருத்தித் துணியைச் சுற்றி நாடாவால் கட்டினோம். நீளத்தைக் குறைக்க, மரத்தின் பின்புறம் சேர்த்திருந்த இடைக்கட்டை ஒன்றைக் கழற்றினோம். அன்று மாலையே துளைகள் ஓரிடத்தில் கூடத் தொடங்கின. பத்துக்குப் பத்து விழுந்துவிடவில்லை. ஆனால் சிதறல் குறைந்தது. “அப்படியானால் தவறு என் கையில் இல்லையா, அண்ணா?” என்று அவர் கேட்டார்.

அக்கேள்வியே இக்கட்டுரையின் உயிர்நிலை என்பேன். பொருந்தாத கட்டையோடு போராடும் மாணவர், அதைத் தம் திறமைக் குறைவு என எண்ணி விலகிப் போகின்றனர். சிற்றுருவினரும் பெண்களும் இடக்கையாளரும் இவ்வாறு விலகுவது மிகுதி. உழவனின் உயரத்துக்கு ஏற்ப மேழியைச் செதுக்கித் தருகிறார் நம் ஊர்த் தச்சர். மேழிக்கு ஏற்ப உழவன் குனிய வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. துப்பாக்கியிலும் அவ்வழியே வழி.

அட்டையும் துணியும் மற்றொரு நன்மையும் செய்கின்றன. எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைச் செலவின்றிக் காட்டிவிடுகின்றன. அவ்வளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர் ஏமாறமாட்டார்.

எப்பொருளாலான கட்டை?

இனி மாற்றுக்கட்டை வேண்டியதே என முடிவாயிற்று எனக் கொள்வோம். பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மரம்: அக்ரூட், பீச் முதலிய மரங்கள் வழக்கில் உள்ளன. தொடுவதற்கு இதமானது, தச்சர் கையால் செதுக்கித் திருத்தலாம். ஈரத்தால் மாறுவதே குறை. அமர்விடத்தின் உட்புறத்தையும், தோள்தட்டுக்கு உள்ளே மறைந்திருக்கும் வெட்டுமுகத்தையும் மெருகெண்ணெய் பூசி அடைத்தால் அக்குறை பெரிதும் தணியும்.

அடுக்குமரம்: மெல்லிய மரத்தகடுகளைப் பிசினால் ஒட்டிச் செய்வது. தனிமரத்தைவிட முறுகுதல் குறைவு. எடை சற்று மிகுதி.

கண்ணாடி இழையும் கரி இழையும்: ஈரத்தால் வீங்குவதில்லை. கரி இழை எடை குறைந்தது, விலை உயர்ந்தது. இவற்றிலும் அமர்விடத்தைப் பிசினிட்டுப் பொருத்த வேண்டிவரலாம்.

அலுமினியம்: அளவு பிசகாமல் கடையப்படுவது, உறுப்புகளை நகர்த்தி, அளவுக்கோடுகளைப் பார்த்து மீண்டும் அதே இடத்தில் நிறுத்தலாம். வெயிலில் சுடும், குளிரில் உறையும், ஆகவே கன்னமும் கையும் படுமிடங்களில் மரமோ ரப்பரோ வேண்டும்.

இவற்றுள் “சிறந்தது” என்று ஒன்றில்லை. நன்றாக அமர்த்தப்பட்ட மரக்கட்டை, பொருந்தாத அலுமினியக் கட்டையை எளிதில் வெல்லும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, கட்டை எந்த ஆக்ஷனுக்குக் குடையப்பட்டது? ஒரே நிறுவனத்தின் துப்பாக்கிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அன்ஷூட்ஸ் நிறுவனத்தின் 54 வகை ஆக்ஷனுக்குச் செய்த கட்டையில் 64 வகை அமராது. திருகாணிகளின் இடைவெளி, போல்ட்டு இருக்கும் பக்கம் ஆகியவற்றையும் கேட்டறிக. இடக்கையாளர்க்கு இது மிக இன்றியமையாதது.

இரண்டாவது, எந்தப் போட்டிக்கு? 50 மீட்டர் ரைபிளுக்கு இசைவு பெற்ற கொக்கித் தோள்தட்டு, 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்குச் செல்லாது. படுத்துச் சுடும் தனிப் போட்டி 2016-க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீங்கிவிட்டது. மண்டியிட்டும் படுத்தும் நின்றும் நிலைக்கு இருபதாக அறுபது குண்டு சுடும் போட்டியே இப்போது 50 மீட்டரில் முதன்மை பெற்றுள்ளது. 2024 பாரிசில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதில்தான். நிற்கும்போது தலை நிமிரும். தோள்தட்டைக் கீழே இறக்கினால்தான் துப்பாக்கி கண்ணுக்கு உயரும். படுக்கும்போது அவ்வளவு வேறு. ஓடும் நேரத்துக்குள் இம்மாற்றங்களைச் செய்ய வேண்டியிருப்பதால், விரைவில் நகர்த்தி உறுதியாக நிறுத்தவல்ல உறுப்புகள் தேவை. படுத்து மட்டும் பயிலும் தொடக்க மாணவர்க்கு இத்தனையும் வேண்டா.

மூன்றாவது, சட்டம் யாது சொல்கிறது? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளையும் அடக்குகிறது. ஆகவே அயல்நாட்டிலிருந்து ஒன்றைத் தருவிக்குமுன் மாநிலத் துப்பாக்கிச் சங்கத்தின் வழியே கேட்டறிந்து, உரிய இசைவோடு செய்தல் வேண்டும். பொருத்தும் வேலையையும் உரிமம் பெற்ற தொழிலாளரிடமே விடுக. குழுவின் துப்பாக்கியாயின் பொறுப்பாளரின் எழுத்து இசைவின்றி அதன்மேல் ஒரு திருகாணியையும் தொடலாகாது.

நான்காவது, முழுக்கட்டையும் வேண்டுமா? பழைய மரக்கட்டையிலேயே நகரும் கன்னத்தாங்கியையும் தோள்தட்டையும் மட்டும் பொருத்திக்கொள்ள இயலும். பலருடைய குறை அதனாலேயே தீர்ந்துவிடும்.

ஐந்தாவது, வாங்கிய பின் தோட்டாவுக்குப் பணம் மிஞ்சுமா? அழகிய கட்டையும் வெறும் தோட்டாப் பெட்டியும் எவரையும் முன்னேற்றா. ஓராண்டுப் பயிற்சிக்கு வேண்டிய தோட்டாவின் விலையை முதலில் ஒதுக்கிவைத்து, எஞ்சியதைக் கொண்டே கட்டையைக் கருதுதல் அறிவுடைமை.

தனியொருவருக்கும் குழுவுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே கருதத்தக்கது. தனக்கென ஒரு துப்பாக்கி உடையவர், தம் உடலுக்கு ஒரு முறை அமைத்துக்கொண்டால் போதும்; அவருக்கு எளிய கட்டையே நிறைவு தரும். ஆறு பேர் ஒரே துப்பாக்கியைப் பகிர்ந்துகொள்ளும் பல்கலைக்கழகக் குழுவுக்கோ, எல்லா உறுப்பும் நகரும் கட்டை ஆடம்பரம் அன்று, தேவை. ஒவ்வொருவருக்கும் உரிய அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், துப்பாக்கி கைமாறும் போதெல்லாம் சில நிமிடங்களில் அவரவர்க்கு ஏற்ப அமைத்துவிடலாம். பணம் செலவிடத் துணிந்தால் குழுவுக்கே செலவிடுக என்பது என் கருத்து. ஒருவர் வாங்கும் மூன்று கட்டைகளைவிட, ஆறு பேர்க்குப் பயன்படும் ஒரு கட்டை மேலானது.

முடிவாக

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். முதலில் துப்பாக்கியைச் சோதி. அதன்பின் உடலைச் சோதி. அட்டையாலும் துணியாலும் அளவைக் கண்டுபிடி. விதியையும் சட்டத்தையும் கேட்டறி. தோட்டாவுக்குரிய பணத்தைத் தனியே வை. இவ்வைந்தும் முடிந்த பின்னரே விலைப்பட்டியலைத் திற. இவ்வரிசையை மாற்றாதிருத்தலே தேர்வின் இரகசியம்.

துப்பாக்கிக் குழுவில் சேர விரும்பும் தமிழ் மாணவ மாணவியர்க்கு ஒன்று சொல்வேன். முதல் மாதத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு உங்கள் திறமையை அளந்துவிடாதீர்கள். பிறர் உடலுக்குச் செய்த கட்டையைக் கட்டிக்கொண்டு சுட்ட மதிப்பெண் அது. பயிற்சியாளரிடம் சென்று, “இக்கட்டை எனக்குப் பொருந்துகிறதா எனப் பாருங்கள், ஐயா” என்று துணிந்து கேளுங்கள். அவ்வாறு கேட்பது குறை கூறுதல் ஆகாது. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும்.